நம்பர் தெரிந்தவள்

குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் முதலில் தொலைப்பது சாவியைத்தான். பேரருவியின் அடியில் நின்றவர்களுக்குத் தெரியும். தண்ணீர் விழுகிற மாதிரியே இருக்காது, மேலே யாரோ நின்றுகொண்டு இரண்டு கையாலும் முதுகில் குத்துகிற மாதிரி இருக்கும். முந்தியில் முடிந்தது, இடுப்பில் செருகியது, கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டது, எதையும் அது விட்டுவைக்காது. என் மாமியார் ஒரு வருஷம் டிரங்குப் பெட்டியின் சாவியை அப்படிப் பறிகொடுத்தாள். ஈரச் சேலையோடு வாசலில் நடுங்கிக்கொண்டு நின்று, கொல்லனை வரவழைத்துப் பூட்டை உடைத்துத்தான் மாற்றுத் துணி எடுத்தார்களாம். அது நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தின வருஷம். அந்தச் சாவி தொலையாமல் இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம். ஆனி மாசம் சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்தில் வீடு பிடித்துத் தங்கப் போனோம். மாமனார், மாமியார், அவர்களுக்கு ஒரே பிள்ளையான என் வீட்டுக்காரர், நான். எங்கள் வீடு தென்காசியில். அங்கிருந்து குற்றாலம் மூன்று மைல்தான். வில்வண்டியில் போய்க் குளித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் நாலு வயல் உள்ள வீட்டுக்காரர்கள் அப்படிச் செய்தால் கௌரவம் என்னாவது? அம்மி முதல் தலையணை வரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்து நாள் தங்கினால்தான் சீசனுக்குப் போனதாக அர்த்தம்.

உடைத்த பூட்டுக்குப் பதிலாக ஒரு புதுப் பூட்டை, போன அன்றே, மாமனார் குற்றாலத்துத் தேரடியில் வாங்கினார். மங்குஸ்தான் பழமும் ஜாதிக்காயும் மரச் சீப்பும் விற்கிறவர்களுக்கு நடுவே ஒரு வடக்கத்திக்காரன் பாயை விரித்து நம்பர் பூட்டுகளைக் குவித்து வைத்திருந்தான். பித்தளை மாதிரி மினுங்கும், ஆனால் கையில் எடுத்தால் கனமே இருக்காது. மூன்று சக்கரம்; ஒவ்வொன்றிலும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை இங்கிலீஷ் எண்கள். "ஆயிரம் நம்பர் சாமி. ஒரே நம்பர்லதான் தொறக்கும். சாவி வாண்டாம், தொலையாது" என்று அரைகுறைத் தமிழில் சொன்னான். ஆயிரம் என்ற சொல்லைக் கேட்டதுமே மாமனார் மயங்கிவிட்டார். திண்டுக்கல் பூட்டு வாங்குகிற காசில் இதில் நாலு வாங்கலாம் என்பதும் ஒரு காரணம்.

பூட்டின் நம்பர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. அதை மாற்ற முடியாது, பூட்டோடு பிறந்த நம்பர். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. மாமனாருக்குக் கண்ணில் புரை. என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"பொம்பளைங்க பெட்டி. ஆம்பளைங்களுக்கு அதுல என்ன சோலி?" என்று சொல்லி அத்தை காகிதத்தை என்னிடம் கொடுத்தாள். "நீதான் அஞ்சு கிளாஸ் படிச்சிருக்கியே. மனசுல நல்லாப் பதிச்சுக்கிட்டு அத அடுப்புல போட்டுரு. யாருகிட்டயும் சொல்லாத."

அப்படியே செய்தேன். காகிதம் எரிந்து சுருண்டதைப் பார்த்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஒரு வருஷமாக அந்த வீட்டில் உப்பு ஜாடியைக்கூடக் கேட்டுக்கொண்டுதான் தொடுவேன். இப்போது அத்தை மாற்றுச் சேலை எடுக்கவேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். நான் குனிந்து, மற்றவர்களுக்கு மறைத்துக்கொண்டு, சக்கரத்தைத் திருப்புவேன். என்ன முட்டாள்தனம்! கழுத்தில் கயிறு மாட்டும்போது மாலை போடுகிறார்கள் என்று குனிந்து கொடுத்திருக்கிறேன்.

அத்தைக்கு வளர்த்த காது. தோள் வரை தொங்கும். அதில் அவள் போட்டிருந்த பாம்படம் அவளுடைய அம்மா போட்டது. அருவியில் பாம்படத்தோடு நின்றால் தண்ணீர் இழுக்கிற இழுப்பில் காது அறுந்துவிடும். அதனால் வளர்த்த காதுக்காரப் பெண்கள் எல்லோரும் குளிக்கப் போகுமுன் கழற்றி வைத்துவிடுவார்கள். அத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளித்தாள். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட முடியாமல், வந்த அன்றே கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். காலையிலும் மாலையிலும் நான் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே கையை விட்டு முடிச்சைத் தொட்டுப் பார்ப்பாள். அவ்வளவுதான், நிம்மதியாகிவிடும்.

எட்டாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. மத்தியானம் நான் தனியாகப் பெட்டியைத் திறந்து துண்டுகளை எடுத்துக்கொண்டு பூட்டினேன். மாமனார், அத்தை, நான் மூன்று பேரும் அருவிக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்கட்டில் படுத்துவிட்டார். அருவிக்கரையில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். பிறந்த ஊர் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினேன். அம்மா எப்படி இருக்கிறாள், பருத்தி எப்படி, இதுதான் பேச்சு. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தேன். அத்தை கையை விட்டாள். துழாவினாள். துணிகளை வாரி வெளியே போட்டாள்.

"ஏட்டி, எங்கட்டி?" என்றாள்.

மஞ்சள் துணி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அடுத்த ஒரு நாழிகைக்குள் என்ன நடந்தது என்பதை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. என் பையைக் கொட்டினார்கள். என் தலையணையைப் பிரித்தார்கள். அத்தை என் ஈரக் கொண்டையை அவிழ்த்து விரலை விட்டுத் தேடினாள். யாராவது வந்தார்களா என்று மாமனார் என் வீட்டுக்காரரைக் கேட்டார். "நான் முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். ஒரு ஈ காக்கா உள்ள வரல" என்று அவர் சொன்னார். மாமனார் பூட்டைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"பூட்டு ஒடையல. பெட்டி நெளியல. ஆயிரத்துல ஒரு நம்பர், அது உனக்கு மட்டுந்தான் தெரியும். இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?" என்றார் என்னைப் பார்த்து. அருவிக்கரையில் எங்கள் ஊர்க்காரியோடு நான் பேசியது அப்போதுதான் அத்தைக்கு ஞாபகம் வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு பேசினேனே!

"நான் எடுக்கல அத்தை. பெரிய கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுதேன்."

"சூடத்த அணைச்சா பூட்டு தன்னாலத் தொறந்துச்சுன்னு ஆயிருமா?" என்றார் மாமனார். போலீசில் சொல்லுங்கள் என்று நானே கெஞ்சினேன். வீட்டுப் பெண்பிள்ளையை ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்துகிற குடும்பம் இது இல்லை என்று சொல்லிவிட்டார். அதைப் பெரிய உபகாரம் மாதிரிச் சொன்னார்.

அன்று மாலையே வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு தென்காசிக்குத் திரும்பினோம். என் அப்பாவுக்குக் கார்டு எழுதினார்கள். எழுதியது என் வீட்டுக்காரர். மாமனார் சொல்லச் சொல்ல எழுதினார். வெள்ளிக்கிழமை வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போகவும், காரணம் நேரில். அப்பாவுக்குத் திருவேங்கடத்துப் பக்கம் மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தி, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். மாமியார் பாம்படத்தைத் திருடினாள் என்று அனுப்பப்பட்ட அக்காள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டு பேரையும் எவன் வந்து கேட்பான்? எனக்கு முன்னால் ஐந்து நாள் இருந்தது. அதற்குள் நான் திருடி இல்லை என்று காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் அடுக்களைச் சுவரில் தலையை மோதிக்கொண்டேன். நிஜமாகவே மோதிக்கொண்டேன், நெற்றி வீங்கிவிட்டது.

அந்த முதல் நாள் என் வீட்டுக்காரர் மட்டும் அடுக்களைப் பக்கம் வந்தார். வீக்கத்தைப் பார்த்தார்.

"நீ எடுத்திருந்தாலும் பரவாயில்ல. எங்கன வச்சிருக்கன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிரு. நான் அம்மாகிட்ட பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

நான் எடுக்கவில்லை என்று சொல்லி அழுதேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த வீட்டில் எனக்காக இரங்க ஒரு ஆளாவது இருக்கிறாரே என்று அவர் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பூட்டை அடுக்களைப் பரணில் தூக்கிப் போட்டிருந்தார்கள். அபசகுனம் பிடித்த சாமான் என்று யாரும் தொடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் அதை எடுத்தேன். எடுக்கும்போது ஒரு யோசனையும் இல்லை. அதைக் கல்லில் வைத்துச் சிதைக்க வேண்டும் என்ற ஆத்திரம்தான் இருந்தது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆயிரம் என்ற கணக்கு மனசில் உறுத்தியது. ஆயிரம் என்றால் எவ்வளவு நேரம்? அன்று சாயங்காலம் சமையலுக்கு அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு, மூன்று பூஜ்யத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு நம்பராகத் திருப்பித் திருப்பி இழுத்துக்கொண்டே போனேன். சோறு பொங்கி வடிக்கிற பதம் வருவதற்குள் முந்நூற்றைத் தாண்டிவிட்டேன். என் விரல் நோகக்கூட இல்லை. மூன்று உலைச் சோறு வேகிற நேரம் கிடைத்தால் உலகத்தில் எவனும் அந்தப் பூட்டைத் திறந்துவிடலாம். எங்கள் மாமனார் மயங்கிய ஆயிரம் அவ்வளவுதான். நாங்கள் அருவிக்குப் போய்க் குளித்துத் துவட்டிக்கொண்டு திரும்ப அதைவிட அதிக நேரம் ஆனது.

ஓடிப்போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மூச்சிரைக்கச் சொல்லி முடிக்கிற வரை கேட்டார். பூட்டை என் கையிலிருந்து வாங்கினார்.

"நம்பர் தெரிஞ்சவ தொறந்து காட்டுனா அது என்ன அதிசயம்? அப்பா சிரிப்பாவ. ஏற்கெனவே திருடின்னு பேரு, இதுல பூட்டுத் தொறக்க வேற தெரியும்னு நீயே போய்ச் சொல்லப் போறியா?" என்றார். சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலைப் பூட்டின் வளைந்த கம்பிக்குள் விட்டு இழுத்துப் பிடித்து, கட்டைவிரலால் நடுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். யோசனையில் விசிறிக் காம்பை உருட்டுவோமே, அப்படி. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அவர் சொன்னது சரிதான். அதுதான் என்னை உடைத்துப் போட்டது. நான் திறந்தால் நம்பர் தெரிந்ததால் திறந்தேன் என்பார்கள். நம்பர் தெரியாமல் திறக்க முடியும் என்று காட்டினால் கைதேர்ந்த கள்ளி என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பூட்டு என் மேல்தான் சாட்சி சொன்னது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அத்தை என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. பாம்படம் இல்லாத அவள் காது இரண்டும் கழுத்தோடு ஒட்டி வெறுமையாகத் தொங்கியது, அவள் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. நான்தான் எடுத்து எங்காவது வைத்துவிட்டு மறந்தேனோ? கிணற்றை எட்டிப் பார்த்தேன். எதற்காக எட்டிப் பார்த்தேன் என்று மறைப்பானேன், விழுந்துவிடலாம் என்றுதான். தங்கைகளின் முகம் தடுத்தது. நான் செத்தால் திருடிவிட்டுச் செத்தாள் என்றுதானே சொல்வார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் புறவாசலில் உட்கார்ந்து, வேறு செய்ய ஒன்றும் தோன்றாமல் பூட்டை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் செய்த மாதிரியே கம்பியை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடுச் சக்கரத்தைத் திருப்பினேன். இழுத்துப் பிடித்தால் அந்தச் சக்கரம் மட்டும் இறுகியது. மற்ற இரண்டும் லொடலொடவென்று சுற்றின. இறுகிய சக்கரத்தை விடாமல் திருப்பினால் ஓரிடத்தில் கம்பி என் விரல் பக்கம் மயிரிழை இறங்கியது. எண்ணைப் பார்த்தேன். என் மனசில் இருந்த நம்பரில் அந்தச் சக்கரத்துக்குரிய எண்ணேதான். அடுத்து முதல் சக்கரம் இறுகியது. அதுவும் அதே மாதிரி ஓரிடத்தில் இறங்கியது. கடைசிச் சக்கரத்துக்கு அந்த மெனக்கெடலும் வேண்டாம், பத்தே இடம், சுற்றினால் திறந்துகொண்டது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை செய்தேன். திறந்தது. இன்னொரு தடவை. நூறு எண்ணுவதற்குள் திறந்தது. மலிவுச் சாமானின் லட்சணம் அதுதான் போலிருக்கிறது; உள்ளே ஒன்றுக்கொன்று ஒழுங்காகப் பொருந்தாததால் அதுவே தன் ரகசியத்தைக் கைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பார்க்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தடவத் தெரிந்தால் போதும்.

தடவத் தெரிந்தால் போதும் என்றதும்தான் எனக்கு வழி கிடைத்தது. நான் திறக்கக் கூடாது. நம்பர் தெரியாத ஆள் திறக்க வேண்டும். எண்ணே தெரியாத ஆள் திறந்தால் இன்னும் நல்லது.

வெள்ளிக்கிழமை காலையில் மாமனார் வயலுக்குப் போயிருந்தார். அப்பா வருகிற ரயில் மத்தியானம். அத்தை கிணற்றடியில் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் காலடியில் ஈரத்தில் உட்கார்ந்து பூட்டை நீட்டினேன்.

"அந்த எழவ எதுக்கு எங்கிட்ட கொண்டாந்த? தூரப் போடு."

"ஒரே ஒரு தடவ கையில பிடிங்க அத்தை. அதுக்கப்புறம் நீங்க எங்கன போவச் சொன்னாலும் போயிருதேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"எனக்கு அந்த நம்பரும் தெரியாது, மண்ணும் தெரியாது."

"தெரிய வேண்டாம். கண்ண மூடிக்கிடுங்க. கம்பிய இழுத்துப் பிடிங்க. இன்னும் நல்லா. இப்போ நடுவுல இருக்க சக்கரத்தத் திருப்புங்க."

அவள் என்னைக் காறித் துப்பியிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று தெரியாது. என் மூஞ்சி அந்த நிலைமையில் இருந்திருக்கும். சோப்புக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வழுக்கியது. மறுபடி பிடித்தாள்.

"தடுக்கு" என்றாள்.

"தடுக்கட்டும். விடாமத் திருப்புங்க. ஒரு எடத்துல லேசா எறங்கும்."

வெகுநேரம் திருப்பினாள். "எறங்குச்சு" என்றாள். அடுத்த சக்கரத்தைச் சொன்னேன். அதிலும் இறங்கியது. மூன்றாவதைப் பாதி சுற்றியதும் கம்பி தாவி அவள் விரலில் இடித்தது. அத்தை கண்ணைத் திறந்தாள். திறந்த பூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கே தொறக்குதே" என்றாள்.

"யாருக்கும் தொறக்கும் அத்தை!" என்று கத்தினேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நம்பரே வேண்டாம். நான் எடுக்கல, இப்பவாது நம்புதியளா?"

"இந்த வித்தைய உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லிக்குடுக்கல. அவிய கையப் பாத்தேன்..."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவர் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் தானாகக் கம்பிக்குள் போனது. கட்டைவிரல் நேராக நடுச் சக்கரத்துக்குப் போனது. முதல் சக்கரம் இல்லை, கடைசிச் சக்கரம் இல்லை, முதலில் இறுகுகிற நடுச் சக்கரம். பழகின கை. ஐந்து நாளாக என்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே நினைத்தேன். பூட்டு எல்லோருக்கும் திறக்கும் என்றால் அன்றைக்கு வீட்டுக்குள் இருந்த ஒரே ஆளுக்கும் திறக்கும் என்பது என் புத்தியில் தட்டவே இல்லை. அவருக்கு நம்பர் தெரியாது என்ற ஒன்றுதான் அவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை நானே இடித்துத் தள்ளியிருந்தேன்.

அத்தை துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். முன்கட்டில் அவர் இருமுவது கேட்டது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தோம், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் முகம் அப்படி ஆனதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

பூட்டை அழுத்திப் பூட்டினாள். எழுந்து போய்க் கிணற்றுக்குள் போட்டாள்.

"பாம்படத்த அருவி கொண்டுபோச்சு" என்றாள். "அன்னைக்குக் காலைல எடுத்துப் போட்டுக்கிட்டேன். கழத்தி வைக்க மறந்து அப்படியே போய் நின்னுட்டேன். புத்தி கெட்ட முண்ட, எனக்கே இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. வெளங்குதா? உன் பேர நான் சுத்தமாக்கிருதேன். அவன் பேர நீ எடுக்கப்படாது. செத்தாலும் எடுக்கப்படாது."

தலையை ஆட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வேன்? அந்த நிமிஷத்தில் எனக்கு வேண்டியது பழி போவது ஒன்றுதான். அது போய்விட்டது. நெஞ்சு லேசாகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

அவர் எதற்காக எடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அத்தை கேட்டாளா என்றும் தெரியாது. அவரும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மத்தியானம் அப்பா வந்தார். சங்கரன்கோவில் வரை வண்டியில் வந்து அங்கிருந்து ரயில். முகத்தில் கரியும் புழுதியும். மாமனார், அத்தை, என் வீட்டுக்காரர் மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள். கார்டில் காரணம் எழுதாவிட்டாலும் அருவிக்கரையில் பார்த்த பெண் குற்றாலத்திலேயே கேள்விப்பட்டு, அவள் மூலம் ஊருக்குச் சேதி போயிருந்தது. அப்பா உட்காரவில்லை. மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். என் அம்மாவின் பாம்படம்.

"எடுத்தாளோ எடுக்கலையோ எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார் அத்தையிடம். "அதையும் இதையும் நான் பேச வரல. இத நீங்க போட்டுக்கிடுங்க. அவள அனுப்பாண்டாம். அவளுக்குப் பின்னால ரெண்டு கெடக்கு."

எடுத்தாளோ எடுக்கலையோ! பெற்ற அப்பா. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் சொன்னபோது வராத வலி அந்த ஒரு வார்த்தையில் வந்தது.

அத்தை எழுந்து பாம்படத்தை அந்தத் துணியிலேயே முடிந்து அவர் கையில் வைத்தாள். "கொண்டுபோய் மதினி காதுல போடுங்க அண்ணாச்சி. தப்பு என் பேர்ல. நான்தான் காதுல போட்டுக்கிட்டு அருவில நின்னு தொலைச்சேன். இந்தப் புள்ள மேல அநியாயமாப் பழி போட்டுட்டேன்" என்றாள். மாமனார் வாயைப் பிளந்தார். என் வீட்டுக்காரர் அத்தையைப் பார்த்தார். அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். வயசான மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுதுகொண்டே என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"வேற வீடாருந்தா அன்னைக்கே அடிச்சுத் தொரத்திருப்பாவ. நீங்க அவளக் கைவிடல மாப்பிள்ளை. நீங்க நல்லாருக்கணும்."

"அதெல்லாம் எதுக்கு மாமா. நான் மொதல்லயே சொன்னேன், அவ எடுத்திருக்க மாட்டான்னு" என்றார் அவர். கும்பிட்ட கையைப் பிடித்து இறக்கிவிட்டார். சிரித்தார்கூட. குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி நின்றேன் என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். கார்டு எழுதிய கை அது. என் நெற்றி வீக்கத்தைப் பார்த்துத் தோளைத் தட்டிய கை. நான் கிணற்றை எட்டிப் பார்த்த அன்றைக்கு அவர் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினார். அந்த மனுஷனோடு இனி ஆயுசுக்கும் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. பயம் என்றால் அதுதான் பயம். திருடி என்று அனுப்பிவிடுவார்களே என்று ஐந்து நாள் பயந்தது எல்லாம் ஒன்றுமே இல்லை.

சாப்பிட்டுவிட்டு அப்பா சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினார். வாசல்படி வரை போனேன். அவர் தெருவில் இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, நானும் வருதேன். என்னையும் கூட்டிட்டுப் போங்க."

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். உள்ளே யாருக்காவது கேட்டிருக்குமோ என்று பார்த்தார்.

"என்னத்துக்கு? அதான் பழி தீந்துச்சே தாயி. கடவுள் கண்ணத் தொறந்துட்டான். இப்ப வந்தா ஊருல என்னன்னு சொல்ல?"

என்னன்னு சொல்ல? நானும் அதையேதான் யோசித்தேன். சொல்வதற்கு இருந்த ஒரே காரணத்தைக் காலையில் கிணற்றடியில் தலையாட்டி விற்றிருந்தேன். அப்பாவின் கையை விட முடியாமல் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார், வலிக்காமல், மெதுவாக.

"மாப்பிள்ளை மாதிரி ஒரு மனுஷன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். அவுக சாப்பிட்டாச்சான்னு பாரு. உள்ள போ" என்றார்.

உள்ளே போனேன்.